உபகாரச் சம்பளம் யாருடைய உபகாரம்?

ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பொருளுதவி செய்கிறவர்கள் இன்று நம் நாட்டில் பெருகி வருகிறார்கள். தனிப்பட்ட செல்வர்களும், சங்கங்களும், கம்பெனிகளும் இக்காரியத்தில் இறங்கியிருப்பதைக் கண்டு நாம் மகிழ்ச்சியடைகிறோமேயன்றிக் குறை கூற முன்வரவில்லை. குழவிக்கல்லுக்குத் தங்கக் கவசம் செய்வதிலும், தேருக்கு வடம் மாற்றுவதிலும் கரைந்துகொண்டிருந்த பணத்தில் ஒரு சிறு பங்காவது ஒரு பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்குப் போய்ச் சேருமானால், நாட்டுக்குப் புத்தி வந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லுவோம். ஆனால், அவ்வுதவி என்ன எண்ணத்தோடு கொடுக்கப்படுகிறது, வாங்குகிறவன் என்ன நிலையில் நிறுத்தி வைத்து வாங்கப்படுகிறான் என்பதைப் பற்றி மாத்திரம் இரண்டொரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

சில நாட்களுக்கு முன் ஓர் ஊரில் நடந்த உதவி வழங்கு விழாவுக்கு நாம் போயிருந்தோம். மேடையில் பெரிய மனிதர்கள் பத்துப் பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, இவன் தகப்பன் மூட்டை தூக்குகிறவன், இவள் தாய் வீட்டு வேலை செய்கிறவள் என்று ஒலிபெருக்கியில் சொல்லி, கவரைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பையன் தனவந்தரின் காலில் விழுந்தான். கூட்டம் கை தட்டிற்று. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் தகப்பன் தலையைக் குனிந்துகொண்டதை எவரும் பார்க்கவில்லை. அந்தக் கவரிலிருந்த பணம் அப்பையனுக்கு ஒரு பருவத்துச் சம்பளத்துக்கும் போதாது. ஆனால், அவன் மானத்துக்கு அன்று கொடுக்கப்பட்ட விலை அதுதான். படிப்பு எதற்கு? மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு. அப்படியிருக்க, குனிய வைத்துக் கொடுக்கிற படிப்பை நாம் எப்படிப் பாராட்ட முடியும்?

இது நிற்க. ஏழ்மைக்குக் காரணம் தலைவிதி, முன்ஜென்ம கர்மபலன் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விழாவில் பேசிய ஒருவரும், இப்பிள்ளைகளின் விதியை மாற்ற ஆண்டவன் தனவந்தரை அனுப்பினான் என்றார். நாம் கேட்கிறோம்: பிரம்மா மண்டையில் எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்து, காலேஜ் ஆபீசில் பணம் கட்டிய ரசீதைக் கண்டவுடனே அழிந்துபோகிறதென்றால், அது எழுத்தா, ஏமாற்றா? அழிப்பதற்கு அவ்வளவு சுலபமானதை ஆயிரக்கணக்கான வருஷங்களாக அழிக்காமல் வைத்திருந்தது யார்? படிக்கக் கூடாதென்று ஒரு கூட்டத்தைத் தடுத்து வைத்ததும் மனிதர்கள்தான். இன்று சம்பளம் கட்டிப் படிக்க வைப்பதும் மனிதர்கள்தான். இடையில் ஆண்டவனுக்கு இதில் என்ன வேலை?

பிறர் பொருளுதவியால் படித்து உயர்ந்தவர்களில் தோழர் அம்பேத்கரைப்போல் இன்னொருவரைச் சொல்ல முடியாது. ஆனால், அவர் கதையை முழுவதும் சொல்லுகிறவர்கள் குறைவு. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1913-ம் வருஷத்தில் அவருக்கு மூன்று வருஷ உபகாரச் சம்பளம் கொடுத்து அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார். படித்து முடித்தபின் பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டுமென்பது ஒப்பந்தம். 1916-ல் அவர் லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் படிக்கத் தொடங்கினார். உபகாரச் சம்பளத்தின் காலம் தீர்ந்தது. 1917-ல் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மன்னர் நல்லவர்தான், ஆனாலும், கொடுப்பவன் கை மூடினால் படிப்பவன் புத்தகம் மூடுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஒப்பந்தப்படி வேலைக்குப் பரோடா போனார். அங்கே நடந்தது என்ன? அவ்வளவு பெரிய நகரத்தில் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சிக்காரர் விடுதியொன்றில் பெயரை மறைத்துச் சில நாள் தங்கினார். ஜாதி தெரிந்ததும் தடிகளோடு வந்து விரட்டினார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்த படிப்பு, பரோடாவில் தலைவைத்துப் படுக்க ஒரு திண்ணையைச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. மன்னருடைய பணம் வறுமையை விரட்டியதே தவிர, ஜாதியை விரட்டவில்லை. பின்னர் அவர் பம்பாயில் காலேஜ் ஆசிரியராயிருந்து மிச்சம் பிடித்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், ஒரு நண்பரிடம் வாங்கிய கடனும் சேர்த்து 1920-ல் மறுபடியும் லண்டன் போய், 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இவ்வளவும் பட்டவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதுதான் முக்கியம். தனக்கு ஒரு மன்னர் கிடைத்ததுபோல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மன்னர் கிடைக்கட்டும் என்று அவர் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கவில்லை. வைசிராய் நிர்வாக சபையில் அங்கத்தினராக இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்டோர் கல்விக்குச் சர்க்காரே பணம் ஒதுக்க வேண்டுமென்று வாதாடினார். பள்ளி இறுதிக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான சர்க்கார் உபகாரச் சம்பளம் 1944-ல் தொடங்கிற்று. மன்னர் கொடுத்தால் தர்மம். சர்க்கார் கொடுத்தால் உரிமை. தர்மம் வராவிட்டால் அழத்தான் முடியும்; உரிமை வராவிட்டால் கேட்க முடியும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நாம் இதை எழுதுகிறோம்.

நம் நாட்டிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் பணம் 5,000 ரூபாய் போயிற்று; பொது ஜனங்களும் கொடுத்தார்கள். ஆனால், அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றவர்களுக்கு வேறு சாப்பாடு. 1924, 1925-ல் இதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி நடந்தது. பணம் எல்லோருடையது, பந்தி மாத்திரம் வேறு என்றால், அங்கே பாடத்தைவிட முதலில் மனதில் பதிவது பந்திதானே! அதே காலத்தையொட்டி 1920-ல் சென்னை நகரசபை, தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போடத் தீர்மானித்தது. பசித்த பிள்ளையிடம் பாடப்புத்தகத்தை மட்டும் நீட்டுவது உதவியாகாது என்று கண்டவர்கள் அவர்கள்.

மற்றொன்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-ல் ஏற்பட்ட திட்டம், ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு உதவிற்று. பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2022-ல் அதையே மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்பை முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதென்று ஏற்படுத்தினார்கள். தாலிக்கு என்றிருந்த தங்கம் புத்தகமாக மாறிற்று. அம்மையாரின் பெயருக்கு இதுவே பொருத்தமான காரியம். கழுத்தில் ஏறும் தங்கம் அடகுக் கடைக்குப் போகும். மண்டையில் ஏறும் படிப்பை எந்த மார்வாடியும் அடகு பிடிக்க முடியாது.

“இப்படிச் சும்மா கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறியாகிவிடுவார்கள்” என்று சில புத்திசாலிகள் சொல்லுகிறார்கள். பணக்காரன் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரையில் சம்பளம், சாப்பாடு, மோட்டார் எல்லாம் தகப்பன் சும்மாதான் கொடுக்கிறான். அவன் மாத்திரம் ஏன் சோம்பேறியாவதில்லை? “நல்ல மார்க்கு வாங்கினவனுக்கு மாத்திரம் கொடுக்கலாம்” என்கிறார்கள் வேறு சிலர். விடியற்காலம் பால் பாக்கெட் போட்டு, இரவில் கடையில் சாமான் கட்டி, இடையில் படித்து 60 மார்க்கு வாங்கினவனும், வீட்டுக்கே வாத்தியார் வந்து சொல்லிக்கொடுத்து 90 வாங்கினவனும் ஒரே தராசில் நிற்கத் தக்கவர்களா? உதவி வேண்டியவன் முதல்வனாய் வந்தவன் மட்டுமல்ல. படிப்பை விடப்போகிறவனே முக்கியமானவன்.

ஆகவே, உதவி செய்யும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். படிப்பு முடியும் வரைக்கும் கொடுங்கள். முதல் வருஷத்துக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருஷத்தில் மறந்துவிடாதீர்கள். சம்பளம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் கொடுங்கள். பின்னால் வரும் பணம் வட்டிக்காரனுக்குத்தான் போகும். சம்பளம் மட்டும் போதாது. விடுதிச் சாப்பாடு, பஸ் கட்டணம், கிழியாத ஒரு சட்டை ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். ஜாதி பார்க்காதீர்கள், மேடை போடாதீர்கள், காலில் விழ விடாதீர்கள். இவை அனைத்திற்கும் மேலாக, உங்கள் பணத்தால் பத்துப் பேர் படிக்கும்போது, படிக்க முடியாத பதினாயிரம் பேருக்காகச் சர்க்காரைக் கேட்கும் கூட்டத்திலும் வந்து நில்லுங்கள்.

உதவி பெறும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாங்குவது பிச்சையல்ல. தீப்பெட்டி வாங்குகிற உங்கள் தாயும், டீ குடிக்கிற உங்கள் தகப்பனும் கட்டிய வரியில்தான் இந்நாட்டுக் காலேஜ்களும் பல்கலைக் கழகங்களும் எழும்பி நிற்கின்றன. அதில் உங்கள் பங்கு தாமதமாக வந்திருக்கிறதே தவிர, தானமாக வரவில்லை. நன்றி சொல்ல வேண்டுமானால் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். கடனைத் தீர்க்க வேண்டுமென்று தோன்றினால், கொடுத்தவர் வாசலுக்குப் போகாதீர்கள். உங்கள் தெருவுக்குத் திரும்பிப் போய், பள்ளியை விட்டு நின்றுவிட்ட ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவே போதும்.