அங்கன்வாடிக்குச் சிறப்பாசிரியர்

அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு வகுத்துள்ள குறைந்தபட்சத் தகுதி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. 2020 தேசியக் கல்விக் கொள்கை அவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பைப் பரிந்துரைத்தது. அது பொதுவான மழலைக் கல்விக்கானது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியராகப் பணியாற்றவோ, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். அங்கன்வாடியின் வழக்கமான பணியிடங்கள் பணியாளர், உதவியாளர் இரண்டுதான்.

2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை வந்தது. குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறியச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கவில்லையா, ஆட்டிசமா என்ற ஐயம் எழுந்தபின், அன்றாடம் அப்பிள்ளையோடு எப்படிப் பழகுவது? எடை பார்த்து, உணவு கொடுத்து, பதிவேடும் எழுதுபவருக்குச் சில நாள் பயிற்சி போதாது. வட்டாரத்துக்கு ஒருவராவது பதிவுபெற்ற சிறப்பாசிரியர் மையங்களைச் சுற்றிவர, அரசு பணியிடம் உருவாக்க வேண்டும்.