நெஞ்சுக்கு ஒரு பெட்டி, சிறுநீர்ப்பைக்கு ஒரு பம்பு



நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் அதைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை. கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். தோளுக்குக் கீழே தோல் மேடிட்டிருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்று பெரியவர்கள் விவரமாகச் சொல்வார்கள். சுற்றியிருப்பவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். அதே பந்தலில் வேறு சிலரும் இருப்பார்கள். வந்ததும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டு, அதற்குப் பக்கமாகவே நாற்காலி தேடி உட்காருவார்கள். கிளம்புவதற்கு முன்பிருந்தே தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய அவஸ்தை கூட வந்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

வாசகர்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்களிலும் இதே கதைதான். இதயம் பற்றிக் கேட்பவர்கள் பெயர், ஊர், வயது எல்லாம் போட்டு எழுதுகிறார்கள். சிறுநீர்க் கசிவு பற்றிக் கேட்பவர்கள் பெயரை விட்டுவிடுகிறார்கள். ‘என் உறவினர் ஒருவருக்கு’ என்றுதான் கடிதமே தொடங்கும்.

இரண்டு துன்பங்களுக்கும் உடலுக்குள் பொருத்தும் கருவிகள் உண்டு. இரண்டின் வரலாறும் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரத்தைத் தொட்டுச் செல்கிறது. ஒன்றைப் பற்றி ஊரறியப் பேசுகிறோம். மற்றதை யாருக்கும் சொல்வதில்லை. அந்த இரண்டு கதைகளையும் இந்த மாதம் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

1949-ல் ஏர்ல் பேக்கன் என்ற இளம் மின் பொறியாளரும் அவருடைய உறவினர் பாமர் ஹெர்மண்ட்ஸ்லியும் மினியாபொலிஸில் ஒரு கார் கேரேஜில் தொழில் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிகளில் பழுதான கருவிகளைச் சரிசெய்து கொடுப்பதுதான் வேலை. கம்பெனிக்கு மெட்ரானிக் என்று பெயர் வைத்தார்கள். முதல் மாத வருமானம் 8 டாலர். ரிப்பேர் வேலைக்காக ஆபரேஷன் தியேட்டர் வரை போய்வந்த பேக்கனுக்கு டாக்டர்களோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்களில் ஒருவர் மினசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் வால்டன் லில்லிஹை. திறந்த இதய அறுவை சிகிச்சையின் முன்னோடிகளில் முக்கியமானவர்.

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்கு லில்லிஹை ஆபரேஷன் செய்தார். ஓட்டையைத் தைக்கும்போது, இதயத் துடிப்புக்கான மின் சமிக்ஞை போகும் பாதை சில குழந்தைகளுக்கு அடிபட்டுவிடும். துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். சில நாள் தாக்குப்பிடிக்க வைத்தால் பெரும்பாலும் இதயம் தானாகவே தேறிவிடும். அதற்காக 1957-ன் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார்கள். இதயத் தசையில் மெல்லிய வயரைப் பொருத்தி, அதன் மறுமுனையை மார்புக்கு வெளியே எடுத்து, மின் துடிப்பு தரும் ஒரு கருவியோடு இணைத்தார்கள். அந்தக் கருவியோ பெரியது, சுவரில் இருக்கும் பிளக்கில் செருகினால்தான் ஓடும். வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் குழந்தை நகர முடியும்.

1957 அக்டோபர் 31 அன்று நகரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் எல்லா வார்டுகளுக்கும் மின்சாரம் தரவில்லை. அந்த நேரத்தில் ஒரு குழந்தை இறந்துபோனதாகச் சொல்வார்கள். லில்லிஹை பேக்கனைக் கூப்பிட்டு, கரண்ட் போனாலும் ஓடக்கூடிய ஒரு கருவி வேண்டும் என்றார்.

பேக்கன் முதலில் கார் பேட்டரியை வைத்துச் செய்யலாமா என்று யோசித்தார். பிறகு, இதயத்துக்குத் தேவைப்படும் மின் துடிப்பு எவ்வளவு சிறியது என்று யோசித்தபோது, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை என்று புரிந்தது. ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையில் வந்திருந்த ஒரு சர்க்யூட் நினைவுக்கு வந்தது. இசை பழகுகிறவர்களுக்குத் தாளக் கணக்குக் காட்டும் மெட்ரோனோமுக்கான சர்க்யூட் அது. நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்பதுதானே இதயத்துக்கும் வேண்டியது? இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன பேட்டரி, 4 அங்குலச் சதுரத்தில் ஓர் அலுமினியப் பெட்டி. நான்கே வாரத்தில் கருவி தயார்.

அதைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு நாய்க்குப் பொருத்திப் பார்த்தார்கள். இன்னும் பல சோதனைகள் பாக்கி இருப்பதாக நினைத்துக்கொண்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன பேக்கனுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அவருடைய பெட்டி ஒரு குழந்தையின் உடலோடு இணைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கருவி கையில் இருக்கும்போது இன்னொரு குழந்தையை ஏன் பறிகொடுக்க வேண்டும் என்பது லில்லிஹையின் பதில். இன்று எந்த நாட்டிலும் இப்படி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. மருத்துவக் கருவிகளை முறையாகச் சோதித்து அனுமதிக்க அமெரிக்காவில் தனிச் சட்டத் திருத்தம் வந்ததே 1976-ல்தான்.

பேக்கனின் பெட்டி உடலுக்கு வெளியே இருந்தது. அதை உள்ளே வைக்கும் துணிச்சல் அடுத்த ஆண்டு ஸ்வீடனில் நிகழ்ந்தது. ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரர் ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்சே மாரி, அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடவில்லை. கருவி இன்னும் தயாராகவில்லை என்றார்கள் அவர்கள். அப்படியென்றால் செய்து கொடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றார். எல்ம்க்விஸ்ட் பேட்டரியையும் சர்க்யூட்டையும் ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் வைத்து எபாக்ஸி பிசின் ஊற்றி வார்த்தெடுத்தார். 1958 அக்டோபர் 8 அன்று அது லார்சனின் உடலுக்குள் போனது. சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. கைவசம் இருந்த இன்னொன்றை மாற்றினார்கள். அதுவும் நெடுநாள் ஓடவில்லை. ஆனால் லார்சன் பிழைத்தார். மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள் மாற்றி, சென்னிங்கும் எல்ம்க்விஸ்ட்டும் காலமான பிறகும் வாழ்ந்து, 2001-ல் 86-வது வயதில் இறந்தார். இதயம் அதற்குக் காரணமில்லை, புற்றுநோய்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் வில்சன் கிரேட்பேட்ச் என்ற பொறியாளர் தன் வீட்டுக் கொட்டகையில் பேஸ்மேக்கர்களைக் கையாலேயே செய்தார். டிரான்சிஸ்டர்களைச் சோதிக்கும் பொறுப்பில் பெரும்பகுதியை அவர் மனைவி எலினார் ஏற்றுக்கொண்டார். சோதனைக்கூடம் அவர்களுடைய படுக்கையறைதான். 1960-ல் அந்தக் கருவி மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டது. தயாரிக்கும் உரிமை மெட்ரானிக்குக்குப் போனது. பாதரச பேட்டரி இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடுகிறதே என்று கவலைப்பட்ட கிரேட்பேட்ச், 1970களின் தொடக்கத்தில் லித்தியம் அயோடைடு பேட்டரியைக் கொண்டுவந்தார். பேஸ்மேக்கர் பல வருஷம் உழைக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இனி, யாரும் பேசாத கதை.

அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிராட்லி என்ற நரம்பியல் மருத்துவரும் ஜெரால்டு டிம் என்ற பொறியாளரும் சிறுநீர்ப்பையின் கோளாறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஹூஸ்டனைச் சேர்ந்த சிறுநீரக அறுவை மருத்துவர் பிரான்ட்லி ஸ்காட் அவர்களோடு சேர்ந்தார். 1972-ல், சிறுநீர்ப் பாதையை மூடித் திறக்கும் செயற்கைச் சுருக்குத்தசை என்ற கருவி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைத் தயாரிப்பதற்கென்று அதே ஆண்டு மினியாபொலிஸ் வட்டாரத்தில் அமெரிக்கன் மெடிக்கல் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியும் தொடங்கப்பட்டது.

பேஸ்மேக்கரைவிட இது ஒரு வகையில் கடினமான வேலை. இதயத்துக்குச் சரியான நேரத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும். சிறுநீர்ப் பாதையை நாள் முழுக்க மூடியும் வைத்திருக்க வேண்டும், வேண்டும்போது திறக்கவும் வேண்டும். தளர்வாகப் பிடித்தால் கசியும். இறுக்கிப் பிடித்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் சதை அரித்துவிடும். முதல் கருவியில் மூடுவதற்கு ஒரு பம்பு, திறப்பதற்கு இன்னொரு பம்பு என்று இரண்டு இருந்தன. அழுத்தத்தை அளவோடு வைப்பதில் சிரமம் இருந்தது. அடுத்தடுத்த மாதிரிகளில் மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த ஏ.எம்.எஸ். 800 என்ற மாதிரிதான் இன்றுவரை அடிப்படை.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மூன்றே பாகங்கள், அவற்றை இணைக்கும் மெல்லிய குழாய்கள். எல்லாம் சிலிக்கோன். உள்ளே உப்பு நீர் போன்ற திரவம். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றுவார்களே, அதைப் போல மிகச் சின்னதாக ஒரு பட்டை சிறுநீர்ப் பாதையைச் சுற்றியிருக்கும். அடிவயிற்றுக்குள் ஒரு பலூன். ஆண்களுக்கு விதைப்பையிலும் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உதட்டிலும் தோலுக்கு அடியில் ஒரு குட்டி பம்பு. சாதாரண நேரத்தில் பட்டையில் திரவம் நிறைந்து பாதையை மூடியிருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டும்போது பம்பை விரலால் சில தடவை அழுத்தினால் திரவம் பட்டையிலிருந்து பலூனுக்குப் போய்விடும், பாதை திறக்கும். பிறகு எதையும் தொட வேண்டியதில்லை. பலூன் தன் அழுத்தத்தாலேயே திரவத்தைத் திருப்பி அனுப்ப, சில நிமிஷத்தில் பட்டை தானாக நிரம்பி மூடிக்கொள்ளும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் பலூன்தான் தீர்மானிக்கிறது. பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. ஆபரேஷன் முடிந்து புண் ஆறும்வரை, சுமார் ஆறு வாரத்துக்கு, கருவியைச் செயல்படாமல் பூட்டி வைத்திருந்து பிறகுதான் இயக்கிவிடுவார்கள்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு, உயிர் பிழைத்தும் கசிவினால் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன ஆண்களுக்குத்தான் இது அதிகமாகப் பொருத்தப்படுகிறது. தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், பிறவியிலேயே தண்டுவடக் கோளாறு உள்ளவர்கள் சிலருக்கும் உதவுகிறது.

இரண்டு கதைகளும் பிறகு ஓரிடத்தில் கைகோத்தன. சான் பிரான்சிஸ்கோவில் எமில் டனாகோ, ரிச்சர்டு ஷ்மிட் என்ற மருத்துவர்கள், முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக்கு மெல்லிய மின் துடிப்பு கொடுத்தால் சிறுநீர்ப்பை கட்டுக்குள் வரும் என்று கண்டறிந்தார்கள். அதற்கான கருவி பேஸ்மேக்கருக்கு நெருங்கிய சொந்தம். புட்டத்தின் மேல்பகுதியில் தோலுக்கு அடியில் வைப்பார்கள். முதலில் தற்காலிக வயர் வைத்துச் சில நாள் சோதித்து, பலன் தெரிந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். 1997-ல் அமெரிக்க அரசு அனுமதித்த அந்தக் கருவியைத் தயாரித்தது வேறு யாருமல்ல, கேரேஜில் பிறந்த அதே மெட்ரானிக்தான்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. கவனிக்காமல் விட்ட தொண்டைத் தொற்றிலிருந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், ஏழைக் குழந்தைகளின் இதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. மாற்று வால்வை வெளிநாட்டிலிருந்து வாங்குவது பலருக்குக் கட்டுபடியாகவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தானும் அவருடைய பொறியாளர் குழுவும் வருஷக்கணக்கில் முயன்றார்கள். ஒன்றன் பின் ஒன்றாக மாதிரிகள் தோற்றன. ஒரு மாதிரி, பொருத்தப்பட்ட ஆட்டின் உடலுக்குள்ளேயே உடைந்தது. கடைசியில், உலோகச் சட்டத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து சாய்ந்து திறக்கும் வடிவம் நிலைத்தது. 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தயாரிப்பை ஏற்றுக்கொண்டது நம் சென்னையின் டி.டி.கே. குழுமம். இன்று அந்த வால்வோடு நடமாடுகிறவர்கள் பல்லாயிரம் பேர்.

இத்தனை கதைகளிலும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். ரிப்பேர்காரரை டாக்டர் மதித்துக் கூப்பிட்டார், பொறியாளர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றார், ஒரு மனைவி முடியாது என்ற பதிலை ஏற்க மறுத்தார். துன்பம் வாய்விட்டுச் சொல்லப்பட்ட இடத்தில்தான் கருவி பிறந்திருக்கிறது. சிறுநீர்க் கசிவுக்கு மருத்துவம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. நாம்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ கசிவு இருந்தால், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். யூராலஜி டாக்டரிடம் போங்கள். எல்லாருக்கும் கருவி தேவைப்படாது. இடுப்புத் தசைப் பயிற்சியிலும் மாத்திரையிலும் சரியாகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் யாராவது வெளியூர்ப் பயணத்தைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால், தனியாக உட்கார்ந்து பக்குவமாகக் கேளுங்கள்.

உடலுக்குள் கருவி உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் கொடுத்த அடையாள அட்டையை எப்போதும் கூடவே வைத்திருங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் தவறாமல் சொல்லுங்கள். செயற்கைச் சுருக்குத்தசை வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் ஒருவரிடமாவது கட்டாயம் சொல்லி வையுங்கள். அவசரத்தில் யாராவது தெரியாமல், பட்டையைத் தளர்த்தாமல் சிறுநீர்க் குழாயைச் செருகினால் பாதை காயப்படும். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்திருந்தவர் காலமானால், தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். நெருப்பில் பேட்டரி வெடிக்கும்.

சந்தேகம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், மருத்துவர்களிடம் கேட்டுப் பதில் வெளியிடுகிறோம். பெயர் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் டாக்டரிடம் போகும்போது, ‘என் உறவினருக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்