மூக்கின் சாட்சியம்

"நாற்றத்தை அளக்க முடியாது, அது அவரவர் மூக்கைப் பொறுத்தது." காற்றைப் பற்றி முறையிடப் போகும் ஏழை மக்களுக்கு அதிகாரபீடங்கள் வழங்கிவரும் பதில் இது. அறிவியல் போல ஒலிக்கும் இவ்வாசகம் அறிவியலுக்கு முற்றிலும் மாறானது என்பதே நமது வாதம்.

திருக்கோணமலைத் துறைமுகக் கரையை நோக்குங்கள். சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்கென எழுப்பப்பட்ட எண்ணெய்க் குதங்கள், மாவாலை, சீமெந்து ஆலை, கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம். கச்சான் வீசும் மாதங்களில் மேற்குக் கரையின் காற்று நகரை நோக்கி வருகிறது. வாடைக் காலத்தில் திசை மாறுகிறது. (காற்றுக்கும் நாற்றத்துக்கும் 'வாடை' என்று ஒரே சொல்லை வைத்தவர்கள் நாம்!) இந்நாட்டில் ஒலிக்கு 1996 முதல் டெசிபெல் வரம்பு உண்டு. காற்றுக்கு 1994இல் இயற்றி 2008இல் திருத்திய நியமங்கள் உண்டு. அவற்றில் கந்தகவீரொட்சைட்டுக்கு எண் உண்டு, ஓசோனுக்கு உண்டு, தூசுக்கு உண்டு, நாற்றத்துக்கு இல்லை. எண் இல்லாத துன்பம் ஏட்டில் ஏறுவதில்லை.

எண் கிடைக்காமலா போயிற்று? ஐரோப்பிய நியமம் ஒன்று 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாறும் காற்றைத் தூய காற்றுடன் கலந்து, நான்கு பேருக்குக் குறையாத குழுவை முகரச் செய்கிறார்கள். குழுவில் பாதிப்பேர் மணத்தை உணரும் எல்லைக்கு எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ, அதுவே அக்காற்றின் நாற்ற அளவு. மூக்குக்கு மூக்கு வேறுபடாதா என்பீர்கள். வேறுபடும், ஆகையால்தான் பியூட்டனோல் என்ற திரவத்தின் ஆவியைக் கொண்டு முதலில் மூக்குகளையே சோதித்து, மிகக் கூரியதையும் மிக மந்தமானதையும் விலக்குகிறார்கள். தராசைப் படியிடுவது போன்ற காரியமே இது.

ஆய்வுகூடம் இல்லையா? ஜெர்மனியில் களத்திலேயே அளக்கிறார்கள். பயின்ற ஒருவர் குறித்த இடத்தில் பத்து நிமிடம் நின்று, பத்து விநாடிக்கு ஒரு முறை முகர்ந்து, மணம் உண்டா இல்லையா, எத்தகையது என்று குறிக்கிறார். அறுபது குறிப்புகளில் ஆறிலாவது மணம் இருந்தால் அது ஒரு 'நாற்ற மணி'. குடியிருப்பில் ஆண்டின் மணிகளுள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அவ்வாறு ஆகக் கூடாது. இதற்கு வேண்டிய கருவிகள் கடிகாரமும் கொப்பியுமே!

வேடிக்கை என்னவெனில், அரசும் மூக்கை நம்பத்தான் செய்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவைக் குடும்பப் பெண் முகர்ந்தறியட்டும் என்றே எதைல் மேர்கப்டன் கலக்கிறார்கள். அது போதாதென்று 2021 டிசம்பரில் எரிவாயுக் கப்பலின் சரக்கையே இறக்க விடாது தடுத்தார்கள். அடுப்படியில் உயிர் காக்கும் கருவியாக மதிக்கப்படும் அதே பெண்ணின் மூக்கு, ஆலைக்கெதிரே முறையிடும்போது மட்டும் 'அவரவர் மூக்கு' ஆகிவிடுவது எப்படி?

கடலூர் சிப்காட் மக்கள் இக்கேள்விக்கு 2004இலேயே பதில் தந்தார்கள். பயிற்சி பெற்ற கிராமத்தவர் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வாடை என்று குறித்தனர். பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர். அதில் 20க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் வெளிப்பட்டன. படிக்காதவன் மூக்கு பொய் சொல்லவில்லை.

மூக்கு தவறாதது என்று நாம் கூறவில்லை. பழகிய வாடையை அது மறந்துவிடும். ஐதரசன் சல்பைட்டு மிகுந்தால் முகரும் ஆற்றலே செத்துப்போகும். நாற்றம் நின்றது ஆபத்து நின்றதற்குச் சான்றாகாது. அதிலும் கொடியது, மூக்கும் ஒரு வர்க்கத்தின், ஒரு சாதியின் மூக்காகிவிடுவது. நற்றிணையின் 45ஆம் பாட்டிலேயே பரதவர் மகளின் தோழி, தேரில் வந்த செல்வனிடம் தங்கள் மேனியின் மீன் வாடையைச் சொல்லித் தள்ளி நிற்கச் சொல்கிறாள். அவமானத்தை ஆயுதமாக்கிய அந்தக் குரல் நமக்கு வேண்டும். கருவாடு காயவைக்கும் பெண்ணை விடுதி விருந்தாளியின் முகச்சுளிப்புக்காகக் கடற்கரையிலிருந்து விரட்டுவதற்கு இந்த அளவைமுறை பயன்படுமாயின், அதை எதிர்க்கும் முதல் ஆட்கள் நாமாக இருப்போம். உழைப்பின் வாடை வேறு. பிறர் நெஞ்சில் இலாபத்துக்காக ஏற்றப்படும் புகை வேறு.

திருக்கோணமலைப் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான வகுப்புகள் ஓராண்டு இந்தக் கொப்பியை எழுதட்டும்: சீனன்குடாவில், கொட்பேயில், நகரின் தெருக்களில், கச்சானிலும் வாடையிலும், பத்துப் பத்து நிமிடம். ஆண்டு முடிவில் அதைச் சுற்றாடல் அதிகாரசபையின் மேசையில் வைத்து, எங்கள் எண் இது, உங்கள் எண் எங்கே என்று ஆசிரியரும் மாணவரும் கேட்கட்டும்.