தேர்தலும் பந்தயமும்

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் 4-ந் தேதி, பார்லிமெண்டுத் தேர்தல் வோட்டுக்களை எண்ணிய அன்று, தர்மபுரி ஜில்லாவில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக் கவனியாத வீடுகள் பல இருந்திருக்கும். பாட்டாளி மக்கள் கட்சியின் ஸ்ரீமதி சௌமியா அன்புமணி ஆரம்பச் சுற்றுக்களில் முன்னே நின்றார். பிற்பாடு தி.மு.க. அபேக்ஷகர் ஸ்ரீ ஆ. மணி முந்திக்கொண்டார், முடிவில் 21,300 வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். இத்தொகுதியின் சுபாவமே அப்படி. 2014-ல் தமிழ் நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ அ.தி.மு.க. வாரிக்கொண்டு போனபோது, கன்னியாகுமரியைப் போலவே தர்மபுரியும் தனி வழி போயிற்று. ஸ்ரீ அன்புமணி ராமதாஸை 77,146 வோட்டு அதிகமாய்க் கொடுத்து அனுப்பிற்று. 2019-ல் அவரையே தோற்கடித்தது.

முடிவு தெரியாத தேர்தல் பிரஜைகளுக்கு நல்லது. பந்தயக்காரர்களுக்கோ அது வெல்லக் கட்டி. தேர்தல் வந்தால் நம் ஊர்களில் மீசையையும் மொட்டைத் தலையையும் பணயம் வைப்பது உண்டு. கோயமுத்தூர்த் தேர்தல் முடிவின் பேரில் பந்தயம் கட்டித் தோற்ற தூத்துக்குடி ஜில்லாத் தொண்டர் ஒருவர் 2024-ல் சொன்ன சொல் தவறாமல் தலையை மழித்துக்கொண்டார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, நாவிதருக்கு லாபம். பணம் உள்ளே புகும்போதுதான் விஷயம் வேறாகிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது? பந்தயத்தையும் சூதாட்டத்தையும் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தை நமது அரசியல் சாஸனம் ராஜ்யங்களிடமே விட்டிருக்கிறது. நமது ராஜ்யத்தில் 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. தேர்தலுக்கென்று அது தனிப் பிரிவு வைக்கவில்லை. ஆனால் பந்தயம் கட்டுவதும் சூதாட்டமே என்று சொல்லி, சூதாட்ட விடுதி நடத்துவோரைத் தண்டிக்கிறது. இரண்டு சிநேகிதர்கள் வீட்டுத் திண்ணையில் கட்டும் பந்தயத்தை அது தேடிக்கொண்டு வருவதில்லை. அவர்களுக்கு 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு இருக்கிறது: பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜயித்த பணத்தைக் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது. கைபேசி வழிப் பந்தயத்துக்காக 2022-ல் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் சம்மதம் பெற்றது. அதன்படி ஆடுகிறவருக்கு மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 10 லக்ஷம் ரூபாய் வரை அபராதம். 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்காரும் பணம் வைத்தாடும் கைபேசி ஆட்டங்களைத் தேசமெங்கும் தடுக்கும் சட்டம் கொண்டு வந்தது.

திருவள்ளுவர் ‘சூது’ அதிகாரத்தை, அரசனையும் அமைச்சனையும் பற்றிப் பேசும் பொருட்பாலிலே வைத்திருப்பது சும்மா அல்ல என்பது நமது அபிப்பிராயம்.

“குதிரைப் பந்தயம் நடக்கலாம், தேர்தல் பந்தயம் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. மைதானத்தில் ஓடும் குதிரைக்கு வோட்டு இல்லை. பந்தயம் கட்டுகிறவன் முதுகைத் தட்டி அதை ஓட வைக்கவும் முடியாது. தேர்தலில் பந்தயம் கட்டுகிறவனே வோட்டளிக்கிறான். இங்கிலாந்தில் 1785-லேயே மான்ஸ்பீல்டு பிரபு, வோட்டர்கள் இருவர் தேர்தல் முடிவின் மேல் கட்டிய பந்தயம் பொது நன்மைக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

இதன் சூக்ஷ்மத்தைக் கவனியுங்கள். கட்சிக்காரர் ஒருவர் வோட்டரிடம் வந்து, “எங்கள் ஆள் தோற்பார் என்று நான் ஆயிரம் ரூபாய் கட்டுகிறேன், ஜயிப்பார் என்று நீர் கட்டும். தோற்றுப் போனால் உம்மிடம் காலணா கேட்கமாட்டேன்” என்கிறார். இது லஞ்சமா, பந்தயமா? வெறும் லஞ்சத்தைவிட இது சாமர்த்தியமானது. லஞ்சம் வாங்கினவன் மனம் மாறி வேறு பக்கம் வோட்டளித்துவிடலாம். இவனோ அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டல்லவா சாவடிக்குப் போவான்? பணப் பட்டுவாடாவின் காரணமாகவே 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2019-ல் வேலூர்த் தேர்தலும் ரத்தான ராஜ்யம் இது. 21,300 வோட்டில் முடிவு நிற்கும் தொகுதியில் இதை விளையாட்டு என்று தள்ளிவிட முடியுமா?

பந்தயத்தைச் சட்டமே அனுமதிக்கும் தேசத்தின் கதி என்ன? பிரிட்டனில் 2024-ல், தேர்தல் தேதி வெளியாவதற்குச் சில தினங்களுக்கு முன், பிரதமரின் பார்லிமெண்டுக் காரியதரிசியே ஜூலையில் தேர்தல் வரும் என்று 100 பவுன் கட்டியிருந்தது அம்பலமாயிற்று. அரண்மனை ரகசியம் பந்தயக் கடைக்குப் போயிற்று.

நம் ஊரில் நடப்பது வேறு வேடிக்கை. தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருப்போரைப் பறக்கும் படையினர் மறித்துத் தஸ்தாவேஜு கேட்கிறார்கள். பாலக்கோட்டில் தக்காளி விற்றுத் திரும்பும் குடியானவர் இதில் அகப்பட்டுக்கொண்டு விழிக்கலாம். அவர் சட்டைப் பையிலுள்ள கைபேசி வழியாக லக்ஷம் ரூபாய்ப் பந்தயம் போனால், அதை மறிக்கும் படை எது? வோட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று சுவரெங்கும் விளம்பரம் செய்யும் தேர்தல் கமிஷன், அதன் கீழே பந்தயத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கட்டும். ஜில்லாக் கலெக்டர்கள், வோட்டெடுப்புக்கும் எண்ணுகைக்கும் இடைப்பட்ட நாட்களிலாவது கைபேசி வழிப் பந்தயத்தைக் கவனிக்கத் தனியே ஒரு போலீஸ் அதிகாரியை நியமிக்கட்டும்.