லாத்தே கேட்டா பால்தான் வரும்!

மேல்படிப்புக்கு இத்தாலி காலேஜ்களுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கீங்களா? பெரம்பலூர், அரியலூர் பசங்களுக்கு இத்தாலி அந்நியம் இல்ல. 'தேம்பாவணி' எழுதின வீரமாமுனிவர், 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் எழுப்பியவர். இங்கே வந்ததும் காவி உடுத்தி, சைவச் சாப்பாட்டுக்கு மாறிட்டார். அவர் நம்ம பழக்கத்தைக் கத்துக்கிட்ட மாதிரி, நாம அவங்க பழக்கத்தைக் கத்துக்கணும். இல்லைன்னா முதல் அடி பர்ஸுக்குத்தான்!

முதல்ல, 'பார்'ங்கிற போர்டைப் பார்த்து மிரளாதீங்க. அங்கே பார்தான் காபிக்கடை! 'கஃபே'ன்னு கேட்டா எஸ்பிரஸ்ஸோ வரும். நம்ம டவரால ஊத்தினா அடிதான் நனையும். ரெண்டு மூணு மடக்கு, அவ்வளவுதான். 'லாத்தே'ன்னு கேட்டா வெறும் பால் வரும், ஏன்னா அந்த வார்த்தைக்கு அர்த்தமே பால்! கப்புச்சினோ காலை நேரத்துக்கு மட்டும். வயிறு நிறைய சாப்பிட்டபிறகு அவ்வளவு பால் ஜீரணமாகாதுங்கிறது அவங்க நம்பிக்கை. மதியம் பால் இல்லாம முடியாதா? 'மக்கியாத்தோ' கேளுங்க. எஸ்பிரஸ்ஸோவில் துளி பால்!

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாதிரி நின்னுக்கிட்டே குடிங்க. அதே காபியை உட்கார்ந்து குடிச்சா, டூரிஸ்ட் இடங்கள்ல பல மடங்கு விலை ஆகலாம். கூட்டமான கடைகள்ல முதல்ல பணம் கட்டி, ரசீதைக் காட்டணும்.

ராத்திரி சாப்பாடு ஏழரைக்கு முன்னாடி பெரும்பாலான ஹோட்டல்ல கிடைக்காது. முதல்ல பாஸ்தா, அடுத்து கறியோ மீனோ, கடைசியா ஸ்வீட்டுன்னு வரிசையா வரும். எல்லாத்தையும் வாங்கணும்னு கட்டாயம் இல்ல. ஒரே பாஸ்தாவோட எழுந்துக்கலாம். பல இடங்கள்ல 'கோபெர்த்தோ'ன்னு தலைக்கு ஒரு கட்டணம் பில்லுல ஏறும். மெனு கார்டுல முதல்லயே பார்த்துடுங்க. தண்ணி பாட்டிலுக்கும் காசுதான். டிப்ஸ் கட்டாயம் இல்ல. பில் தானா வராது. 'இல் கோன்த்தோ'ன்னு கேட்டு வாங்கணும். சீக்கிரம் எழுந்திருன்னு விருந்தாளியை விரட்டறது அங்கே மரியாதை இல்லையாம்!

சைவப் பார்ட்டிகளே, 'பெப்பெரோனி'ன்னா அங்கே குடைமிளகாய், தைரியமா சாப்பிடலாம். ஆனா பாஸ்தா மேல தூவற பார்மிஜானோ சீஸ்ல பாலைத் திரிய வைக்கிறது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற பொருள். வேணாம்னா, 'மரினாரா' பீட்சா கேளுங்க. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ... சீஸே கிடையாது.

தினமும் ஹோட்டல் கட்டுப்படி ஆகாதுல்ல? யுனிவர்சிட்டி கேன்டீனுக்கு 'மென்சா'ன்னு பேரு. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தர்ற ஸ்காலர்ஷிப்ல, பல ஊர்கள்ல அந்தச் சாப்பாடும் சேரும். அதனால ஸ்வெட்டருக்கு முன்னாடி பெட்டியில வைக்க வேண்டியது... அப்பாவோட வருமானச் சான்றிதழ்!