படிப்பு வராத பிள்ளையா? படிப்பிக்கத் தெரியாத பள்ளியா?



ஒரு பிள்ளை நன்றாய்ப் பேசுகிறது. கேட்ட கதையைப் பிசகாமல் திருப்பிச் சொல்லுகிறது. கடைக்கு அனுப்பினால் பாக்கிச் சில்லறையைச் சரியாய் எண்ணி வாங்கி வருகிறது. ஆனால் புஸ்தகத்தைக் கையில் கொடுத்தால் மாத்திரம் எழுத்துக் கூட்ட முடியாமல் விழிக்கிறது. உடனே நாம் செய்வதென்ன? உபாத்தியாயர் 'மக்கு' என்று பெயர் வைத்துக் கடைசிப் பெஞ்சிக்கு அனுப்புகிறார். தகப்பனார் பிரம்பை எடுக்கிறார். பாட்டியார் தலையெழுத்து என்கிறார். ஜோசியர் பரிகாரம் சொல்லித் தட்சணை வாங்குகிறார். கூத்தனூர் சரஸ்வதியின் காலடியில் நோட்டும் பேனாவும் வைத்தும் ஆகிறது. இவ்வளவும் ஆனபின்னும் எழுத்து வந்தபாடில்லை. கடைசியில் படிப்பை நிறுத்திப் பிள்ளையை வேலைக்கு விட்டு விடுகிறோம்.

நிற்க, இது தலையெழுத்தா, மூளை வேலை செய்யும் விதமா என்று யோசிக்க வேண்டாமா? 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் எழுதினார். அவனுக்குக் கண்ணில் கோளாறில்லை, புத்தியில் குறையில்லை. பெருக்கல் கணக்கை விரைவாய்ப் போட்டான். சொற்களைப் படிக்க மாத்திரம் முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியில் அவனே முதல் கெட்டிக்காரன் என்று அவனுடைய உபாத்தியாயர் சொன்னாராம். இதைத்தான் இன்று டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். எழுதுவதில் வரும் இடர் டிஸ்கிராபியா, கணக்கில் வருவது டிஸ்கால்குலியா. இந்தியாவில் 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. ஜாதகம் ஒப்புக்கொண்டால் என்ன, ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன?

அந்த உபாத்தியாயர் அன்று 'ஆனால்' போட்டுச் சொன்னது இன்று கைக்குள் வந்துவிட்டது. கைப்பேசி பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறது. படிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டுகிறது. எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளை விலக்கி வைக்கிறது. பிள்ளை வாயால் சொன்னால் அதுவே எழுதிக் கொள்ளுகிறது. பத்துத் தடவை திரும்பக் கேட்டாலும் கோபிப்பதில்லை, பிரம்பெடுப்பதில்லை, நீ என்ன ஜாதி என்று கேட்பதுமில்லை. 2017-ல் வந்த தீக்ஷா இணையத்தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. அச்செழுத்தைப் படிக்க இயலாதவர்களுக்காகப் புஸ்தகங்களை ஒலியாகவும் வேறு உருவிலும் மாற்றிக் கொள்ள வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் ஏற்பட்டது. அதை 2014-ல் முதன்முதல் உறுதி செய்த தேசம் இந்தியா.

இதனால் கைப்பேசி ஒன்றே போதும் என்று சொல்ல வரவில்லை. சரஸ்வதியை இறக்கிவிட்டுக் கைப்பேசியைப் பீடத்தில் ஏற்றுவது பகுத்தறிவாகாது. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது என்ன கண்டோம்? வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதையும் தகப்பன் வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் பிள்ளைக்குப் பாடமில்லை. கையால் எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால், எழுத்தே தடையான பிள்ளைக்கு அது பழைய சுவர்தானே? சிறு திரையின் முன் நெடுநேரம் கவனம் நிற்காத பிள்ளைகளும் உண்டு. எழுத்தையும் ஒலியையும் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பழக்கும் உபாத்தியாயர் அவசியம் வேண்டும். கருவி அவருக்குத் துணையே அன்றி அவருக்குப் பதிலல்ல.

ஆகவே நாம் கேட்பது இதுதான். முதல் இரண்டு வகுப்புகளிலேயே இப்பிள்ளைகளைக் கண்டறிய உபாத்தியாயர்களைப் பழக்க வேண்டும். பாடப் புஸ்தகம் ஒவ்வொன்றும் ஒலியாகவும் கிடைக்க வேண்டும். கருவி வாங்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியே கொடுத்துதவ வேண்டும். பெற்றோரும் பரிகாரத்துக்குச் செலவிடும் பணத்தையும் நாளையும் பிள்ளையைத் தக்க நிபுணரிடம் காட்டிச் சோதிப்பதில் செலவிட வேண்டும். சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்டுப் பெறலாம்.

ஒரு காலத்தில் நம்மைப் பார்த்து 'நீ படிக்கக் கூடாது' என்றார்கள். அதை எதிர்த்துப் பள்ளிக்குள் நுழைந்த நாம், இன்று நம் பிள்ளையைப் பார்த்து 'உனக்குப் படிப்பு வராது' என்று சொல்லலாமா? முன்னதற்குச் சாஸ்திரம் காரணமென்றால் பின்னதற்கு நம் சோம்பல்தான் காரணம். பிரம்பைக் கீழே போடுங்கள். பிள்ளைக்குக் காது வழியாகவும் ஒரு பாதை திறந்து விடுங்கள். பிறகு யார் மக்கு என்பது தெரியும்.