கரும்பலகையில் ஒரு கோடு

கிளியனூரில் ரஸாயனம் போதிக்கிறவன் நான். கரும்பலகையில் இரண்டு அணுக்களை எழுதி நடுவே ஒரு கோடு இழுத்தால் அவை பிணைந்தன என்று அர்த்தம். இத்தனை வருஷமாகத் தயங்காமல் இழுத்து வந்தேன். சென்ற வாரம் மேல் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தக் கோடு இருப்பதை யார் ஸார் பார்த்தது?" என்றாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தாயார் மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்கிறாள். இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்துவதா, கல்லூரியில் ரஸாயனம் எடுப்பதா என்று வீட்டில் யோசனை நடக்கிறது. அவளை மழுப்பி உட்கார வைக்க மனம் வரவில்லை.

கோடு பொய்த்த கதை ஒன்று சொன்னேன். டெல்லூரியம் என்பது கந்தகத்தின் குடும்பத்தில் பிறந்த அபூர்வ மூலகம். 1782-இல் டிரான்சில்வேனியாவின் தங்கத் தாதுவில் அகப்பட்டது. துளியளவு உடம்பில் சேர்ந்தாலும் மூச்சில் பூண்டு நாறும். (அதை ஆராய்கிறவர்களின் வீட்டார் பாவம்!) 1920-இல் வெர்னன் என்பவர் டெல்லூரியம், மெதில், அயோடின் சேர்ந்த பொருளை இரண்டு வடிவங்களில் கண்டார். இரண்டிலும் அணுக் கணக்கு ஒன்றே. மூலக்கூறு ஒன்றுதான், அங்கங்கள் மாத்திரம் இடம் மாறி அமர்ந்திருக்கின்றன என்று முடிவு கட்டினார். 1929-இல் ட்ரூ என்பவர் மறுத்தார்: இரண்டாவது வடிவம் எதிரெதிர் மின்னேற்றமுள்ள இரு துண்டுகள் கூடிய உப்பு என்றார். 1967-இல் எக்ஸ் கிரணங்கள் ட்ரூவின் கட்சிக்கே சாட்சி சொல்லின.

அந்தச் சாட்சி முதன்முதலில் சோதித்தவற்றுள் நம் சமையலறை உப்பும் ஒன்று. 1913-இல் பிராக் என்ற இளைஞர் உப்பு ஸ்படிகத்தின் வழியே எக்ஸ் கிரணங்களைச் செலுத்தி, அவை சிதறும் கோணங்களிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிட்டார்.

நம் தேசத்தில் இதே சாட்சியை நம்பி வேலை செய்தவர் பேராசிரியர் ஹர்கேஷ் சிங். பம்பாய் ஐ.ஐ.டி.யில் அவரும் மாணவர்களும் கரியோடு டெல்லூரியத்தைப் பிணைத்த சேர்மங்கள் பலவற்றை ஆக்கினார்கள். ஒரு பென்ஸீன் வளையமும் ஒரே ஒரு புரோமின் அணுவும் மாத்திரம் பிடித்த டெல்லூரியம் சாதாரணமாக நிலைக்காது. வளையத்தின் பக்கத்துக் கிளையில் ஒரு நைட்ரஜனை வைத்தால், அது டெல்லூரியத்தைத் தாங்கிக்கொள்கிறது. தாங்குகிறதென்று எப்படித் தெரியும்? தூரத்தை அளந்துதான். சும்மா அருகில் கிடந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 3.6 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும். (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்.) அளந்த தூரமோ அதைவிட வெகு குறைவு, முழுப் பிணைப்பைவிடச் சற்று அதிகம். ஆகவே அங்கே முழுக் கோடு இழுக்கலாகாது. அம்புக்குறியோ புள்ளிக் கோடோதான் போடுவார்கள்.

இத்தனைக்கும் நல்ல ஸ்படிகம் வேண்டும். கரைசலை மெல்ல மெல்ல ஆவியாக விட்டு அதை வளர்ப்பதுண்டு என்றேன். உடனே அந்தப் பெண், "ஆமாம் ஸார், பாத்தியைக் கலக்கிக்கொண்டே இருந்தால் பொடியாகத்தான் விழும். பெரிய கல்லு வேணும்னா பேசாமல் விடணும்னு அம்மா சொல்லும்" என்றாள்.

கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கத் தாயார் திங்கட்கிழமை வருகிறாளாம்.